கழலாத ஐந்து சீட்டு

சீட்டுகளைப் பரப்பி முடித்ததும் பகவதிப்பெருமாள் தீப்பெட்டியைத் திறப்பார். பீடி, சிகரெட் பழக்கம் அவருக்கு இல்லை. தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே பாலம் மாதிரி வைப்பார். பழைய கல்யாணக் கடிதங்களைச் சதுரமாக வெட்டிச் செய்த சீட்டுகள். ஒரு பக்கம் மஞ்சள் கறை, மறுபக்கம் நீல மையில் ஓர் எண். எண் என்றால் ஓர் ஆள். தீக்குச்சி என்றால் இரண்டு ஆட்களுக்கு நடுவே உள்ள பகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் இரவல் வாங்கப் போன நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று சீட்டு, பதினான்கு தீக்குச்சி. காற்றில் குச்சி நகர்ந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார். மூக்கு நுனியில் வியர்வை நின்றது.

பிறகு கழற்ற ஆரம்பிப்பார். அதற்கு ஒரு விதி உண்டு. ஒரு சீட்டை எடுக்க வேண்டுமானால், அந்த ஆளின் விரோதிகள் எல்லோரும் தங்களுக்குள்ளும் விரோதிகளாக இருக்க வேண்டும். ஒரே ஒரு விரோதி உள்ளவனையும், விரோதியே இல்லாதவனையும் தாராளமாக எடுக்கலாம். எடுத்த சீட்டோடு அதன் குச்சிகளும் பெட்டிக்குள் போய்விடும். அப்போது, அதுவரை எடுக்க முடியாமல் இருந்த இன்னொரு சீட்டு எடுக்கத் தக்கதாகிவிடும். "கழலுது, கழலுது" என்று உதடு அசையும். கடைசிச் சீட்டும் கைக்கு வந்தபின், அதிலிருந்தே தொடங்கி, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக ஒவ்வொன்றாகத் திரும்ப வைப்பார். முதல் அறையில் விரோதி இல்லாவிட்டால் முதல் அறை. இருந்தால் இரண்டாவது. அங்கும் இருந்தால் மூன்றாவது. இப்படிச் செய்தால் தேவைக்கு மேல் ஓர் அறைகூடச் செலவாகாது.

அறை என்றது சிறைக்கூடத்து அறை. பகவதிப்பெருமாள் திருவனந்தபுரத்தை அடுத்த ஒரு கிளைச்சிறையில் கிளார்க். எந்தச் சிறை என்று எழுதக்கூடாது என்றார், எழுதவில்லை. கைதிகளின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். சம்மதித்தார், மறுநாள் வந்து வேண்டாம் என்றார், அதற்கடுத்த வாரம் மறுபடியும் சம்மதித்தார். வலியசாலையில் எனக்கு எதிர்வீடு. வயது நாற்பத்தொன்று. மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, கழுத்து எப்போதும் கொஞ்சம் இடதுபக்கம் திரும்பியே இருக்கும்.

"எனக்குப் பேடி கொஞ்சம் கூடுதலாக்கும்" என்று அவரே சொல்லிக்கொள்வார். பயத்துக்கு இந்த ஊரில் பேடி என்று பெயர். சலூனில் கத்தியை மடக்கி மேசைமேல் வைத்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். கிழக்கேகோட்டையில் சாலையைக் கடக்க வேண்டுமானால் யாராவது ஒரு தடித்த ஆள் கடக்கும்வரை காத்திருந்து அவர் மறைவில் போவார். வீட்டுக்குத் தந்தி வந்தால் அவர் மனைவி பொன்னம்மைதான் பிரிக்க வேண்டும். நல்ல சேதி என்று அவள் குரல் கொடுக்கும்வரை பெருமாள் பின்கட்டில் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவர் பதினைந்து வருடமாகச் சிறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். காரணம் சாதாரணமானது. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்து, யூனிவர்சிட்டியில் இரண்டு வருடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். கிராஃப் தியரி என்கிற துறை. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான் அதில் சமாச்சாரம். கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. அப்படியானால் மொத்தம் எத்தனை நிறம் போதும் என்பது ஒரு கேள்வி. பொதுவாக அது ஆளைக் கொல்லுகிற கேள்வி. ஆனால் சிலவகைப் படங்களில் மட்டும் அது எளிதில் வழிக்கு வந்துவிடும். அந்தச் சாதுவான வகைகளைப் பற்றித்தான் பெருமாளின் ஆராய்ச்சி. அப்பா திடீரென்று இறந்தார். அதே மாதம் சிறைத்துறையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சேர்ந்த ஐந்தாம் மாதம், புதிதாக வந்த ஒரு விசாரணைக் கைதியின் பெயருக்கு எதிரே ரிஜிஸ்டரில் 'மூன்றாம் நம்பர்' என்று எழுதினார். மறுநாள் காலையில் மூன்றாம் அறையைத் திறந்தபோது உள்ளே ஏற்கெனவே இருந்தவனுக்கு ஒரு கண் போயிருந்தது. வந்தவனும் இருந்தவனும் ஒரே சொத்துத் தகராறின் இரண்டு தரப்பு. யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. துறை விசாரணையில் கிளார்க் மேல் தவறில்லை என்று முடிந்தது. ஆனால் மூன்று என்று எழுதியது அவர் கை. கண் போனவன் இப்போது சாலைக் கடைவீதியில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறான். அவனைக் கண்டால் பெருமாள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அவன்தான் குரல் கொடுத்துக் கும்பிடுவான்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. புதிதாக யார் வந்தாலும், பெயர், ஊர், வாரண்டு நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்பார்: "இங்க உனக்கு ஆகாதவன் ஆரு?" சிலர் பெயர் சொல்லுவார்கள். சிலர் எல்லோரும்தான் என்று வீரம் பேசுவார்கள். சிலர் வாயே திறக்கமாட்டார்கள். பெருமாள் விடமாட்டார். கூட வந்த போலீஸ்காரரிடம் கேட்பார், பார்க்க வருகிற பெண்டாட்டிகளிடம் கேட்பார். தெரிந்ததை எல்லாம் தீக்குச்சியாக்குவார். "புள்ளிக்குப் பதிலா ஆளு. கோட்டுக்குப் பதிலா பகை. நெறத்துக்குப் பதிலா செல்லு. அதே கணக்குதான் ஓய்" என்றார் என்னிடம். பத்து வருடம் அந்தச் சிறையில் ஒருவன் மேல் ஒரு கீறல் விழவில்லை.

ஒருமுறை சூப்பரிண்டெண்ட் இதைப் பற்றி விசாரித்தார். மேலதிகாரி கேட்கிறாரே என்ற பதற்றத்தில் பெருமாள் சுருக்கமாகச் சொன்னார்: மூன்று பேர் ஒருவருக்கொருவர் விரோதிகள் என்றால் மூன்று அறை வேண்டும், நான்கு பேர் என்றால் நான்கு, இருப்பதிலேயே பெரிய விரோதக் கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை அறை போதும், அதற்குமேல் வேண்டாம். சூப்பரிண்டெண்டுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டினார். சீட்டுகள் எல்லாம் கழன்று வந்தால்தான் இது உறுதி என்ற பாதியைப் பெருமாள் சொல்லியிருக்கவில்லை. நீட்டிப் பேசினால் ஐயாவுக்குச் சலிப்பு வருமோ என்று பயந்து விழுங்கிவிட்டார்.

எழுபத்தொன்பதாம் வருடம், வைகாசி நடுவில் தொடங்கும் எடவப்பாதி மழையில் சிறையின் மேற்குப் பகுதியில் உத்தரம் இறங்கிக் கூரை விழுந்தது. மொத்தம் ஐந்து அறைகள். அதில் மூன்றைப் பொதுப்பணித்துறைக்காரர்கள் வந்து பூட்டிவிட்டுப் போனார்கள். கைதிகளில் பெரும்பாலோரை வேறு சிறைகளுக்கு அனுப்பியாயிற்று. பதினோரு பேரை மட்டும் அனுப்ப முடியவில்லை. அவர்கள் வழக்கு உள்ளூர்க் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தவை இரண்டே அறைகள்.

அந்தப் பதினோரு பேரில் ஐந்து பேர் ஒரு காலத்தில் ஒன்றாகச் சாராயம் கடத்தியவர்கள். கூட்டு உடைந்து, வெட்டுக்குத்தாகி, வழக்கும் எதிர்வழக்குமாக வந்து சேர்ந்தவர்கள். குட்டனுடைய அண்ணனைக் குத்திக் கொன்றதாக லாரி டிரைவர் லிங்கத்தின் மேல் வழக்கு. லிங்கத்தின் பெயரைப் போலீஸிடம் சொன்னவன் நயினார். நயினாரின் தங்கையைக் கட்டி, பிறகு தெருவில் விட்டவன் கோலப்பன். தங்கையனின் குடிசைக்குத் தீ வைத்தவனும் அதே கோலப்பன். தங்கையனோ, குட்டன் சரக்கு வைத்திருந்த இடத்தை அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுத்தவன். ஐந்து பேரையும் குட்டன், லிங்கம், நயினார், கோலப்பன், தங்கையன் என்று ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்காரவைத்தால், ஒவ்வொருவனுக்கும் வலப்பக்கம் ஒரு விரோதி, இடப்பக்கம் ஒரு விரோதி. எதிரே இருக்கிற இருவரோடு பகை இல்லை.

பெருமாள் சீட்டுகளைப் பரப்பினார். ஆறு சீட்டு உடனே கழன்றுவிட்டது. அந்த ஆறு பேருக்கு யாரோடும் பகையில்லை. மிச்சம் ஐந்து சீட்டு, ஐந்து குச்சி, ஒரு வட்டம். எந்தச் சீட்டைத் தொட்டாலும் அதற்கு இரண்டு விரோதிகள், அந்த இரண்டு பேருக்கும் தங்களுக்குள் பகை கிடையாது. ஒன்றும் கழலவில்லை. வீட்டிலிருந்த பழைய ஆராய்ச்சி நோட்டில் அதே வட்டம் சிவப்பு மையில் இருந்தது என்றார். பெர்ஃபெக்ட் கிராஃப் என்று ஓர் இனம் உண்டாம். பெரிய விரோதக் கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை நிறம் போதும் என்பது அந்த இனத்தின் குணம். அதில் சேராத படங்களிலேயே மிகச் சிறியது இந்த ஐந்து பேர் வட்டம். அதில் எந்த மூன்று பேரும் பரஸ்பர விரோதிகள் அல்ல. ஆனாலும் இரண்டு நிறம் போதாது. "காலேஜில் அதை எத்தனையோ தடவை வரைஞ்சிருக்கேன். அப்பமெல்லாம் அதுக்குக் கையும் காலும் இல்ல" என்றார்.

சூப்பரிண்டெண்டிடம் போனார். அவர் மோசமானவர் அல்ல, அன்றைக்கு ஆயிரம் தொல்லை அவருக்கு. பட்டியலைப் பார்த்துவிட்டு, இதில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் சத்துருக்களாக எங்கேயாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் பெருமாள்.

"பின்னே ரெண்டு செல் மதியல்லோ. பெருமாளே, இது தன்றெ கணக்கு தன்னெயல்லே?"

அப்படியானால் இரண்டு அறை போதுமே, உம்முடைய கணக்கேதான் இது என்கிறார். பெருமாள் மேசைமேல் இருந்த ஐந்து ஃபைல்களை எடுத்து வட்டமாக வைத்தார். முதல் ஃபைலைத் தொட்டு முதல் அறை என்றார். அடுத்தது இரண்டாம் அறை. அடுத்தது முதல் அறை. நான்காவது இரண்டாம் அறை. ஐந்தாவதின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அதன் ஒரு பக்கம் முதல் அறைக்காரன், மறுபக்கம் இரண்டாம் அறைக்காரன். எதில் போட்டாலும் ஒரு விரோதி. சூப்பரிண்டெண்ட் கொஞ்சநேரம் அந்த விரலைப் பார்த்தார். பிறகு, ஏதாவது ஒன்றில் போட்டுவிட்டு வார்டரிடம் ஒரு கண் வைக்கச் சொல்லும், ஐந்தரைக்குள் ரிஜிஸ்டர் என் மேசைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு கண் என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது என்றார் பெருமாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து குச்சியில் எதை ஒடிப்பது? யாரை யாரோடு சேர்த்து எழுதுவது? ஐந்தேகாலுக்கு மறுபடியும் உள்ளே போய், ஒரே மூச்சில் சொன்னார்: ஒரு ஆளை ரெக்கார்டு அறையில் வைக்கலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரெக்கார்டு அறை அவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. கம்பிக் கதவு கிடையாது, மரக்கதவும் ஒரு தாழ்ப்பாளும்தான். பின்சுவருக்கு அப்பால் சாலை. சூப்பரிண்டெண்ட் சம்மதித்தார். சாயங்காலத்துக்குமேல் வார்டர் பாஸ்கரன் காவல். பகலில் வேறு ஆள் இல்லை, கிளார்க்கேதான் இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் பொறுப்பும் கிளார்க்குக்குத்தான், எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை என்று பிற்பாடு ஒரு ஆடிட்டர் ஆட்சேபம் எழுதினாராம்.

வட்டத்தில் யாரை எடுத்தாலும் மிச்சம் நாலுபேரும் இரண்டு அறைக்குள் அடங்கிவிடுவார்கள். தங்கையன் பூஞ்சை உடம்புக்காரன், நிழலைக் கண்டால் ஒதுங்குகிறவன். அவனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கலாம். பாஸ்கரனும் அதைத்தான் சொன்னார். ஆனால் குளிக்க, சோற்றுக்கு என்று இரண்டு அறைக்காரர்களும் முற்றத்தில் ஒருவரையொருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஐந்து பகையில் ரத்தப் பகை இரண்டு. குட்டனுக்கும் லிங்கத்துக்கும் ஒன்று, லிங்கத்துக்கும் நயினாருக்கும் ஒன்று. லிங்கத்தை எடுத்தால் இரண்டும் போய்விடும். கணக்கு அப்படிச் சொன்னது. பெருமாள் லிங்கத்தை எழுதினார். குட்டனும் கோலப்பனும் முதல் அறை. தங்கையனும் நயினாரும் இரண்டாம் அறை.

லிங்கம் களியக்காவிளைப் பக்கத்துக்காரன். கதவை அடைத்து நிற்கிற உடம்பு. காலில் விலங்கோடு அலமாரியில் சாய்ந்து தரையில் உட்காருவான். வெளிச்சத்துக்காகப் பகலில் கதவு திறந்தே இருக்கும். முதல் நாள் பெருமாள் வழக்கம்போல் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிடரியில் மூச்சுப் படுவது மாதிரி இருந்தது. நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்து உட்கார்ந்தார். அவன் கண்ணைத் தாங்க முடியவில்லை. கடைசியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்தை மட்டும் அரைகுறையாகத் திருப்பி வைத்துக்கொண்டார். பத்து நாள் அப்படியே. அந்தக் கழுத்து பிறகு முழுசாக நேரே வரவில்லை.

மூன்றாம் நாள் லிங்கம் அந்தத் தீக்குச்சி என்ன என்று கேட்டான். சொல்லாமல் இருக்கப் பயந்து சொன்னார். எண்களுக்கு யார் யார் என்று அவனே கண்டுபிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு பெருமாள் சீட்டு பரப்பும்போதெல்லாம் அலமாரியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "கிளார்க்கு சாறே" என்றான். "உமக்க கணக்குல ஒரு குச்சி குறையுது."

பெருமாள் எங்கே என்று கேட்டாரோ, கேட்டதாக நினைத்தாரோ, அவருக்கே நினைவில்லை.

"குட்டனுக்கும் கோலப்பனுக்கும் நடுவுல. குட்டனுக்க அண்ணன் அன்னைக்கு எந்தச் சாயாக்கடையில இருக்கான்னு எனக்கு வந்து சொன்னது கோலப்பனாக்கும். குட்டனுக்கு இதுவரைக்கும் தெரியாது. நாளைக்கு அந்தச் சாயாக்கடைக்காரனை விசாரிக்கிறாவ. அவன் கண்டதைச் சொல்லுவான்." பிறகு, "கோலப்பனை இஞ்ச எனக்ககூடக் கொண்டாந்து போடும்" என்றான்.

குட்டனும் கோலப்பனும் ஒரே அறையில் படுக்கிறார்கள். இவன் சொல்வது மெய்யானால், நாளைச் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து திரும்பி வருகிற குட்டன், அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் பக்கத்தில் பாய் விரிப்பான். இவன் சொல்வது பொய்யானால், லிங்கமும் கோலப்பனும், இரண்டு சினேகிதர்கள், ஒரு மரக்கதவுக்குப் பின்னால் சேர்வார்கள். சூப்பரிண்டெண்ட் தலைமைச் செயலகத்துக்குப் போயிருந்தார். காவலுக்கு வந்த பாஸ்கரன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: ஓடிப்போவதற்கான வேலை, நம்பக்கூடாது.

பெருமாள் ஆறாவது குச்சியை எடுத்தார். குட்டனுக்கும் கோலப்பனுக்கும் நடுவே வைத்தார். லிங்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது குட்டன், கோலப்பன், தங்கையன் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் விரோதிகள். ரெக்கார்டு அறையோடு சேர்த்தால் இடமும் மூன்று. மூன்று பேரும் மூன்று இடத்தில்தான் இருக்க வேண்டும். குட்டன் முதல் அறையில். தங்கையன் இரண்டாம் அறையில். கோலப்பன் இங்கே. மிச்சம் லிங்கமும் நயினாரும். லிங்கம் இங்கேயே கோலப்பனோடு இருக்கலாம். அவன் கேட்டது அது. ஆனால் இன்னொரு வழியும் இருந்தது. லிங்கத்துக்கும் தங்கையனுக்கும் பகை இல்லை. நயினாருக்கும் குட்டனுக்கும் பகை இல்லை. லிங்கத்தை இரண்டாம் அறைக்கு அனுப்பி, நயினாரை முதல் அறைக்கு மாற்றினால், கோலப்பன் தனியாக இங்கே வந்து இருப்பான்.

"அவன் சொன்னது நேராணா, இது போதும். கள்ளமாணா, அதுக்கும் இது போதும்" என்று என்னிடம் சொன்னார் பெருமாள். சொல்லும்போதும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

லாக்கப் நேரத்துக்கு முன்பே ரிஜிஸ்டரில் திருத்தி எழுதினார். பாஸ்கரன் வந்து லிங்கத்தை எழுப்பினார். லிங்கம் மேசையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தான். தன் சீட்டு எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பெருமாளைப் பார்த்தான்.

"நம்பல்ல, இல்லியா?" என்றான். "நம்பாண்டாம். அதான் நல்லது."

மறுநாள் கோர்ட்டில் சாயாக்கடைக்காரர் கூண்டில் ஏறி, கோலப்பன் கைநீட்டி ஆளைக் காட்டியதைப் பார்த்தேன் என்று சொன்னார். ஐந்து மணிக்கு வேன் திரும்பியது. குட்டன் நேரே முதல் அறைக்குப் போய், தன் பாயில் உட்கார்ந்து, கோலப்பன் எங்கே என்று மட்டும் கேட்டான். முந்தின நாளே மாற்றியாயிற்று என்றார் பாஸ்கரன். யார் மாற்றியது என்று கேட்டான்.

காலையில் சோதனை போட்டபோது குட்டனின் பாய்க்கு அடியில் ஒரு தகரத் துண்டு கிடைத்தது. விழுந்த கூரையிலிருந்து வந்த தகரம். ஒரு முனையைத் தரைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து கத்தி போல ஆக்கி, மறு முனையில் துணி சுற்றியிருந்தான். ஒரு ராத்திரி வேலை இல்லை, பத்துநாள் வேலை என்றார் பாஸ்கரன். முதலில் யாருக்காகத் தீட்டினானோ தெரியாது. ஆனால் அது கைக்கு எட்டும் தூரத்தில்தான் ஒன்பது ராத்திரி கோலப்பன் படுத்திருந்தான்.

அந்தத் தகரத்தைப் பெருமாளின் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் கணக்கில் ஏற்றி எழுத வேண்டியது அவர் வேலை. நீளம் ஏழரை அங்குலம் என்று, தொடாமலே அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து அளந்து எழுதினார். வீட்டுக்கு வந்து படுத்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. "ஒரே காய்ச்சல் அண்ணாச்சி. குச்சி போதல்ல, குச்சி போதல்லன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாவ. நான் ஒரு பெட்டி நிறைய வாங்கித் தலமாட்டுல வச்சேன்" என்றாள் பொன்னம்மை.

லிங்கம் உண்மையைத்தான் சொன்னான் என்று தெரிந்தபிறகாவது பயம் குறைந்ததா என்று நான் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். கோலப்பனைத் தன்னோடு போடச் சொன்னது அவனைக் காப்பாற்றவா, இருவருமாகக் கதவை உடைக்கவா என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் ஒரே மனசில் இருந்திருக்கலாம் என்றார். வேறொன்று அதைவிடப் பெரிதாக அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கோடு போட்டதுக்கு நான் பேடிக்கல்ல ஓய். கோடு போடாம விட்டது இருக்கு பாத்தீரா, அது எத்தனைன்னு ஆருக்குத் தெரியும்?"

அதன் பிறகுதான் சீட்டுகள் வீட்டுக்கும் வர ஆரம்பித்தன. கேள்வியும் நீண்டுவிட்டது. உனக்கு ஆகாதவன் யார் என்று கேட்டுவிட்டு, நீ யாருக்கு ஆகாதவன் என்று கேட்கிறார். உனக்குத் தெரியாமல் உன்மேல் கோபமாக இருக்கிறவன் யார் என்றும் கேட்கிறார். அதற்கு எவன் என்ன பதில் சொல்லுவான்? கைதிகள் சிரிக்கிறார்கள். அவர் பேனாவோடு காத்திருக்கிறார். போன மாதம் என் மகளின் கல்யாணப் பந்திக்கு யார் யாரை எங்கே உட்காரவைப்பது என்று யோசனை கேட்கப் போனேன். என் இரண்டு மைத்துனர்களுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துவிட்டு, எனக்கும் மூத்த மைத்துனருக்கும் நடுவே இன்னொன்றை எடுத்து வைத்தார். நாங்கள் பேச்சுவார்த்தையில் இருக்கிறோம் என்றேன். அவர் குச்சியை எடுக்கவில்லை.

லிங்கத்தைக் கடைசியாகப் பார்த்த நாளைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதில்லை. வார்டர் பாஸ்கரன் சொல்லித்தான் தெரியும். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை தொடங்கிய சமயம். லிங்கத்துக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாகி, மத்தியச் சிறைக்குக் கொண்டுபோக வேன் வந்து நின்றது. வாசலிலிருந்து வேனுக்கு முப்பது அடி இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் மழைக்கோட்டோடு இரண்டு பக்கமும் நிற்க, கைவிலங்கோடு வெறுந்தலையாக லிங்கம் படியிறங்கினான். கைதிகளை ஏற்றும்போது கிளார்க் உள்கதவைத் தாண்டி வந்ததே கிடையாதாம். அன்றைக்குப் பெருமாள் தன் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தார். வேன்வரை கூடவே நடந்தார். கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, ஒரு முழம் தள்ளியே நடந்தார். குடைக்கம்பி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. குடை முழுவதும் லிங்கத்தின் தலைக்குமேல் இருந்தது. பெருமாள் மழையில் இருந்தார்.